வீட்டு ரூட்டருக்கு இரண்டு முகவரி: கடைக்கு வரும் கேள்விகளும் என் பதில்களும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் கணினி பழுது பார்க்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் பலர் ஏதோ ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, இன்று ஏதோ ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், குடியிருப்பவர்கள். கேமரா தெரியவில்லை, பிரிண்டர் காணவில்லை, மகனின் விளையாட்டு இணையவில்லை என்று ஆளுக்கொரு குறையோடு வருவார்கள். துருவிக்கொண்டே போனால் முக்கால்வாசி ஒரே இடத்தில் வந்து நிற்கும். ரூட்டருக்கு உள்ளே ஒரு முகவரி, வெளியே இன்னொரு முகவரி என்பதை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. பழைய ரசீதுகளின் பின்புறத்தில் படம் போட்டுப் போட்டுக் கை சலித்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஐபி முகவரி என்பது என்ன?

இணையத்தில் பேசும் ஒவ்வொரு கருவிக்கும் தரப்படும் எண். நான்கு எண்கள், நடுவே புள்ளி. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இந்த வடிவம் 1981-இல் வரையறுக்கப்பட்டது. எல்லாச் சேர்க்கையையும் கூட்டினால் 4,294,967,296 முகவரி வரும். அன்றைக்கு அது கடல்போலத் தெரிந்திருக்கும்.

என் கைப்பேசியின் அமைப்பில் 192.168.1.7 என்று இருக்கிறது. கூகுளில் ‘என் ஐபி என்ன’ என்று கேட்டால் முற்றிலும் வேறு எண்ணைக் காட்டுகிறது. எது பொய்?

இரண்டும் மெய்தான். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் இருந்தது. மேட்டு லயம் 5, ஆற்றோர லயம் 12 என்று சொன்னால் தோட்டத்துக்குள் யாருக்கும் புரியும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்திலும் ரப்பர் பால் கொட்டகையிலும் அந்த எண் போதும். தோட்டத்தைத் தாண்டினால் அதற்கு மதிப்பில்லை. ஊரிலிருந்து வரும் கடிதமெல்லாம் தோட்ட அலுவலகத்தின் முகவரிக்குத்தான் வரும். அலுவலக எழுத்தரான கிராணியார் பிரித்து வைப்பார். யாராவது ஒரு பையன் லயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பான். பக்கத்துத் தோட்டத்திலும் ஒரு மேட்டு லயம் 5 இருந்தது. அதனால் எந்தக் கடிதமும் தவறிப் போனதில்லை.

192.168.1.7 உங்கள் கைப்பேசியின் லயத்து எண். அதைக் கொடுத்தது உங்கள் வீட்டு ரூட்டர். கூகுள் காட்டுவது தோட்ட அலுவலகத்தின் முகவரி. அதைக் கொடுத்தது உங்கள் இணைய நிறுவனம். வீட்டில் ஏழு கைப்பேசி, இரண்டு தொலைக்காட்சி, ஒரு மடிக்கணினி இருந்தாலும் வெளியுலகுக்கு அத்தனையும் அந்த ஒரே அலுவலக முகவரியாகத்தான் தெரியும். முதலாவதை உள்முகவரி என்றும் இரண்டாவதை வெளிமுகவரி என்றும் இனி சொல்கிறேன். புத்தகங்களில் தனிப்பட்ட ஐபி, பொது ஐபி என்று இருக்கும்.

என் தங்கை வீடு கிள்ளானில். அவள் கைப்பேசியிலும் 192.168.1.7 தான் இருக்கிறது. மோதிக்கொள்ளாதா?

மோதாது. உலகத்தில் எத்தனையோ கோடி வீடுகளில் இதே எண் இருக்கிறது. வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் புழங்கலாம் என்று மூன்று தொகுதிகளை 1996-இல் வந்த ஒரு விதி ஒதுக்கி வைத்திருக்கிறது. 10 என்று தொடங்குபவை அனைத்தும் ஒரு தொகுதி. 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை ஒன்று. 192.168 என்று தொடங்குபவை ஒன்று. முதலாவதில் 16,777,216 முகவரி உண்டு. கடைசியில் வெறும் 65,536. ஆனாலும் வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலும் கடைசித் தொகுதியையே பிடித்துக்கொள்கின்றன. அதிலும் 192.168.1 போன்ற ஒரே ஒரு வரிசை போதும்; ஒரு வீட்டுக்கு 250 முகவரிக்கு மேல் என்ன செய்ய?

இந்த மூன்று தொகுதி எண்களையும் வெளி இணையம் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காது. பெரிய வலையமைப்புகள் இவற்றைக் கண்டால் கீழே போட்டுவிடும்.

அப்படியானால் கடையில் உட்கார்ந்துகொண்டு 192.168.1.1 என்று தட்டினால் என் வீட்டு ரூட்டர் வருமா?

வராது. என் கடையின் ரூட்டர்தான் வரும். தயவுசெய்து முயலவேண்டாம்.

பதில் வரும்போது அது அம்மாவின் கைப்பேசிக்கா, தம்பியின் கணினிக்கா என்று ரூட்டருக்கு எப்படித் தெரியும்?

தோட்டத்துக் கடிதத்தின் மேல் பெயர் இருந்தது. இணையத்தில் திரும்பி வரும் பதிலின் மேல் அலுவலக முகவரி மட்டும்தான் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. அந்தக் குறையைப் போக்குவதற்காக ரூட்டர் ஒரு பேரேடு வைத்திருக்கிறது.

முகவரியோடு ‘போர்ட்’ என்ற இன்னொரு எண்ணும் சேர்ந்து போகும். அது 65,535 வரை இருக்கலாம். அம்மாவின் கைப்பேசி 192.168.1.7, போர்ட் 51514-இலிருந்து ஒரு செய்தித்தளத்தைக் கேட்கிறது என்று வையுங்கள். ரூட்டர் அந்தக் கோரிக்கையைப் பிடித்து, அனுப்புநர் முகவரியை அழித்து, 203.0.113.24, போர்ட் 40022 என்று தன் பெயரைப் போட்டு வெளியே அனுப்புகிறது. (203.0.113 என்பது விளக்கம் எழுதுகிறவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண். யாருடைய வீடும் அங்கே இல்லை.) கூடவே பேரேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்கிறது: ‘40022-க்கு வருவது 192.168.1.7-இன் 51514-க்கு’. செய்தித்தளம் 40022-க்குப் பதில் போடும். ரூட்டர் பேரேட்டைப் பார்த்து, முகவரியைத் திரும்ப மாற்றி, அம்மாவிடம் சேர்க்கும். கொஞ்ச நேரம் பேச்சுவார்த்தை இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிடும்.

இதற்கு முகவரி மாற்றம் என்று பெயர். ரூட்டர் பக்கங்களில் ‘நேட்’ என்று இருக்கும்.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுவே விடை. பேரேட்டில் வரி விழுவது உள்ளேயிருந்து யாராவது முதலில் பேசினால்தான். வெளியிலிருந்து ஒருவர் தானாக வந்து கதவைத் தட்டினால், பேரேட்டில் அவருக்கு வரியில்லை. கிராணியார் கடிதத்தைக் குப்பைக்கூடையில் போட்டுவிடுவார்.

எதற்கு இந்தச் சுற்று வேலை? எல்லாருக்கும் ஒரு வெளிமுகவரி கொடுத்துவிடலாமே?

கொடுக்க இல்லை. உலக அளவில் இந்த எண்களைப் பங்கிடும் அமைப்பு, தன் கையிருப்பின் கடைசி ஐந்து பெரிய தொகுதிகளை 2011 பிப்ரவரி 3 அன்று ஐந்து கண்டப் பதிவகங்களுக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்து முடித்தது. மலேசியா உள்ளிட்ட ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான பதிவகம் பிரிஸ்பேனில் இருக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரல் 15-இல் அதுவும் கடைசித் தொகுதிக்கு வந்து, அன்றிலிருந்து அளந்து அளந்துதான் கொடுக்கிறது. ஆற்றில் தண்ணீர் குறைந்தபின் குழாயைத் திறந்து என்ன பயன்?

என் இணைப்புக்கு உண்மையிலேயே ஒரு வெளிமுகவரி இருக்கிறதா? எப்படிப் பார்ப்பது?

கேமரா வாங்குவதற்கு முன்னால் எல்லாரும் கேட்கவேண்டிய கேள்வி இது. வாங்கிய பிறகுதான் கேட்கிறார்கள்.

வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு, கைப்பேசியின் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இணைப்பை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிவிடும் விபிஎன் ஏதாவது ஓடினால் அதையும் நிறுத்துங்கள். கூகுளில் உங்கள் ஐபி-யைப் பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான்கு எண்களுக்குப் பதிலாக முக்காற்புள்ளியும் ஆங்கில எழுத்தும் கலந்த நீளமான ஒன்று வந்தால் அது ஐபிவி6 என்ற புதிய வகை; இப்போது வேண்டியது ஐபிவி4 என்ற பழைய நான்கு எண் வகை. ஐபிவி4 முகவரியைக் காட்டும் தளங்கள் நிறைய இருக்கின்றன.

அடுத்து, ரூட்டரின் பக்கத்துக்குப் போகவேண்டும். 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பது வழக்கம். கைப்பேசியின் வைஃபை விவரத்தில் ‘கேட்வே’ என்று இருப்பதுதான் சரியான எண். பயனர்பெயரும் கடவுச்சொல்லும் ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே ‘ஸ்டேட்டஸ்’ பக்கத்தில், ரூட்டரின் வெளிப்பக்கத்தைக் குறிக்கும் ‘வேன்’ அல்லது ‘இன்டர்நெட்’ என்ற தலைப்பின் கீழ் ஓர் ஐபி இருக்கும். அதையும் தாளில் எழுதுங்கள்.

இரண்டும் ஒன்றாக இருந்தால் வெளிமுகவரி உங்கள் ரூட்டர் வாசல்வரை வந்திருக்கிறது. நல்லது.

இரண்டும் வேறாக இருந்து, ரூட்டர் காட்டுவது 100.64 முதல் 100.127 வரை ஏதோ ஒன்றில் தொடங்கினால், உங்கள் அலுவலகமே இன்னொரு பெரிய அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கிறது. அந்தத் தொகுதியை இணைய நிறுவனங்களின் பயன்பாட்டுக்கென்றே 2012-இல் ஒதுக்கினார்கள், 4,194,304 முகவரி. நிறுவனம் தன் தரப்பில் இன்னொரு ‘நேட்’ வைத்து, பல வீடுகளை ஒரே வெளிமுகவரியில் அடைத்திருக்கிறது. பல தோட்டங்களுக்குச் சேர்த்து நகரத்தில் ஒரே தபால்பெட்டி வைத்த மாதிரி. அதற்குச் சாவி உங்களிடம் இல்லை. சில நிறுவனங்கள் இதே வேலைக்கு 10 என்று தொடங்கும் எண்ணையும் கொடுக்கின்றன. சிம் அட்டை போடும் 4ஜி, 5ஜி ரூட்டர்களில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. கண்ணாடி இழை இணைப்பு வராத செம்பனைக் காட்டோர வீடுகளில் வேறு வழியில்லாமல் அந்த ரூட்டர்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

ரூட்டர் காட்டுவது 192.168 என்று தொடங்கினால், இரண்டாவது ‘நேட்’ உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அது வேறு கதை, கீழே வருகிறது.

கேமராவின் படம் வீட்டில் தெரிகிறது. வெளியே போனால் தெரிவதில்லை. ஆள் வந்து போர்ட் திறந்துவிட்டும் போனார். பிறகும் இல்லை. ஏன்?

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊரை ஒட்டிய ஒரு கோயிலில் உண்டியலுக்கு எதிரே கேமரா வைத்தார்கள். பதிவுப்பெட்டி அலுவலக அலமாரியின் மேல், விபூதிப் பொட்டலங்களுக்கும் போன ஆண்டுத் திருவிழா அழைப்பிதழ்க் கட்டுக்கும் நடுவில் இருந்தது. அதன் பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்தது. கோயில் திரையில் படம் கண்ணாடி மாதிரி. தலைவர் வீட்டுக்குப் போய்க் கைப்பேசியைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பொருத்தியவர் மூன்று முறை வந்து போயிருக்கிறார், ஒவ்வொரு முறையும் 60 வெள்ளி (ரிங்கிட்). நான் போய்ப் பார்த்தபோது ரூட்டரில் அவர் செய்திருந்த வேலையில் பிழை இல்லை. ‘8000-க்கு வருவதை 192.168.1.64-க்கு அனுப்பு’ என்று நிரந்தர உத்தரவு எழுதியிருந்தார். போர்ட் திறப்பது என்பது இதுதான்: பேரேட்டில் வரி இல்லாவிட்டாலும் இந்த எண்ணுக்கு வருவதை இன்ன வீட்டுக்குக் கொடு என்று கிராணியாரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது. ‘ஸ்டேட்டஸ்’ பக்கத்தைத் திறந்தேன். வேன் முகவரி 100.72 என்று தொடங்கியது. அவ்வளவுதான். நகரத்துத் தபால்பெட்டியைத் தாண்டி எந்தக் கடிதமும் இந்தக் கிராணியாரிடம் வரப்போவதில்லை. வராத கடிதத்துக்கு எத்தனை உத்தரவு எழுதினால் என்ன?

“தம்பி, அப்படியானால் ரூட்டரை மாற்றவேண்டுமா?” என்று தலைவர் கேட்டார். வேண்டியதில்லை. பதிவுப்பெட்டியின் அமைப்பில் உற்பத்தியாளரின் இணையச் சேவை அணைந்து கிடந்தது. அதை இயக்கி, திரையில் வந்த கட்டக் குறியீட்டை (கியூஆர்) அவர் கைப்பேசியால் படம்பிடித்தோம். நான்கு நிமிடம். இப்போது அவர் அர்ச்சனை நேரத்தில் யார் செருப்பை எங்கே விட்டார்கள் என்பது வரை பார்க்கிறார். அதற்கு நான் பொறுப்பில்லை.

இந்த வழி ஏன் வேலை செய்கிறது? பதிவுப்பெட்டி உள்ளேயிருந்து தானாக வெளியே பேசி, உற்பத்தியாளரின் சர்வரோடு தொடர்பைத் திறந்தே வைத்திருக்கிறது. கைப்பேசியும் அதே சர்வரிடம் போகிறது. இரு பக்கமும் உள்ளேயிருந்து தொடங்கியதால் இரு பேரேட்டிலும் வரி இருக்கிறது. விலை என்னவென்றால், உங்கள் வீட்டுப் படத்துக்கு நடுவில் ஒரு மூன்றாம் ஆள் நிற்கிறார். கடவுச்சொல்லை நீளமாக வையுங்கள். கடையில் பொருத்தித் தந்தவரின் கணக்கிலேயே விட்டுவைக்காதீர்கள். பொருத்தியவரின் கைப்பேசியில் இன்னும் தன் வரவேற்பறை தெரிகிறது என்பதே தெரியாத வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

படத்தை மூன்றாம் ஆள் பார்க்கக்கூடாது என்பவர்களுக்கு டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் சேவை உண்டு. அது நிறுவனத்தின் ‘நேட்’டுக்குப் பின்னாலும் வேலை செய்யும். ஆனால் வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு சிறு கணினியாவது வேண்டும். இணைய நிறுவனத்தை அழைத்து வெளிமுகவரி கிடைக்குமா என்றும் கேட்கலாம். கேட்டால் மாற்றிக்கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. வணிகத் திட்டத்துக்கு மாறச் சொல்பவையும் உண்டு.

எனக்கு வெளிமுகவரி இருக்கிறது. போர்ட்டைத் திறந்துவிட்டால் சரிதானே?

வேலை செய்யும். நான் செய்யமாட்டேன். திறந்த போர்ட்டை உலகமே தட்டிப் பார்க்கும். ஆள் உட்கார்ந்து தட்டுவதில்லை, நிரல்கள் இரவு பகலாக எண் எண்ணாகத் தட்டிக்கொண்டு போகின்றன. 2016-இல் ‘மிராய்’ என்ற தீநிரல் அப்படித்தான் கேமராக்களையும் வீட்டு ரூட்டர்களையும் பிடித்தது. அது பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. தொழிற்சாலையில் வைத்து அனுப்பும் பயனர்பெயர், கடவுச்சொல் 60 சொச்சத்தை வரிசையாகப் போட்டுப் பார்த்தது. அப்படிச் சேர்த்த கருவிகளை வைத்து அவ்வாண்டு அக்டோபர் 21-இல், தளங்களின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் ஒரு பெரிய பெயர்ச்சேவை நிறுவனத்தைத் தாக்கினார்கள். டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை.

திறந்தே ஆகவேண்டும் என்றால் கருவியின் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள், அதன் மென்பொருளைப் புதுப்பியுங்கள். ரூட்டரில் ‘யூபிஎன்பி’ என்ற வசதி இருந்தால் பாருங்கள்: உள்ளே இருக்கும் எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமல் தானே போர்ட் திறந்துகொள்ள அது இடம் கொடுக்கும். தேவை இல்லையென்றால் அணைத்துவிடலாம்.

வெளிமுகவரி ஒரே எண்ணாக இருக்குமா?

வீட்டு இணைப்பில் இருக்கும் என்று நம்பவேண்டாம். ரூட்டர் அணைந்து எழுந்தால் புது எண் வரலாம். இடி மின்னல் மாலைகளில் பிளக்கைக் கழற்றி வைக்கும் பழக்கம் நம் ஊரில் எல்லாருக்கும் உண்டு, நல்ல பழக்கம்தான். ஆனால் நேற்றைய எண்ணை இன்று தேடினால் அங்கே வேறு யாரோ இருப்பார்கள். இதற்காக ‘டைனமிக் டிஎன்எஸ்’ என்று ஒரு சேவை உண்டு. எண் மாறும்போதெல்லாம் ஒரு நிலையான பெயரைப் புது எண்ணோடு அது இணைத்துவிடும். ரூட்டருக்கு வெளிமுகவரி இருந்தால்தான் அதனால் பயன்.

இடி விழுந்து ரூட்டர் போயிற்று. புதியதை வைத்த பிறகு இணையம் வருகிறது. பிரிண்டரும் கேமராவும் காணவில்லை.

மழைக்காலத்தில் வாரத்துக்கு இரண்டு பேர் இதோடு வருவார்கள். பழைய ரூட்டர் 192.168.1 என்ற வரிசையில் எண் கொடுத்திருக்கும். புதியது 192.168.0 என்ற வரிசையில் கொடுக்கிறது. கைப்பேசிகள் புது எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ‘டிஎச்சிபி’ என்ற ஏற்பாடு அதைத் தானாகச் செய்கிறது. ஆனால் பொருத்தியவர் பிரிண்டருக்கு 192.168.1.50 என்று கையால் எழுதிவைத்துவிட்டுப் போயிருப்பார். அது இடித்துத் தள்ளிய லயத்தில் இன்னும் தன் வீட்டு எண்ணைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது.

எளிய வழி, புது ரூட்டரின் உள்முகவரியைப் பழைய வரிசைக்கு மாற்றுவது. உள்பக்கத்தைக் குறிக்கும் ‘லேன்’ அமைப்பில் 192.168.0.1 என்று இருப்பதை 192.168.1.1 என்று எழுதிச் சேமித்தால், ரூட்டர் எழுந்து வந்ததும் பிரிண்டரும் வந்துவிடும். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் பழையபடியே வைத்தால் கேமராவும் உங்களைத் தேடி வரும்.

நிலையான எண் வேண்டுமென்றால் கருவியில் எழுதாமல், ரூட்டரிலேயே ‘இந்தக் கருவிக்கு எப்போதும் இந்த எண்’ என்று ஒதுக்கிவைப்பது மேல். கருவியில் எழுதிய எண்ணை ரூட்டர் தெரியாமல் வேறொரு கைப்பேசிக்கும் கொடுத்துவிட்டால், இரண்டும் ஒரே எண்ணுக்குச் சண்டை போட்டு, காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக வேலை செய்யும்.

பின்கட்டுக்கு வைஃபை எட்டவில்லை என்று இன்னொரு ரூட்டர் வாங்கி வைத்தோம். இணையம் நன்றாக வருகிறது. ஆனால் அங்கிருந்து பிரிண்டருக்கு அனுப்ப முடியவில்லை.

ஒரே வீட்டில் இரண்டு கிராணியார். இரண்டாவது ரூட்டர் தனக்கென்று ஒரு பேரேடு திறந்து, பின்கட்டைத் தனித் தோட்டமாக்கிவிட்டது. அதன் ‘ஸ்டேட்டஸ்’ பக்கத்தில் வேன் முகவரி 192.168 என்று தொடங்குவதைப் பார்த்து உறுதி செய்யலாம். இரண்டாவது ரூட்டரை ‘அக்செஸ் பாயிண்ட்’ முறைக்கு மாற்றுங்கள். அப்போது அது எண் கொடுக்கும் வேலையை விட்டுவிட்டு, அலையை மட்டும் நீட்டும்.

கணினி 169.254 என்று தொடங்கும் எண்ணைக் காட்டுகிறது.

எண் கேட்டது, யாரும் கொடுக்கவில்லை, தானாக ஒன்றை வைத்துக்கொண்டது. கேபிளையும் ரூட்டரையும் பாருங்கள்.

யாரோ அழைத்து, ‘உங்கள் ஐபி முகவரி ஒரு குற்றத்தில் சிக்கியிருக்கிறது’ என்கிறார். என் எண்ணையும் சரியாகச் சொன்னார். என்ன செய்வது?

வைத்துவிடுங்கள். ஓர் அக்கா இந்த அழைப்போடு நேராகக் கடைக்கு ஓடிவந்தார். பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்தவர், அவள் பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை. அழைத்தவன் மலாயில், அதிகாரி தோரணையில் பேசியிருக்கிறான். “வைஃபை அமைப்பைத் திறங்கள், கேட்வே என்ற இடத்தில் 192.168.1.1 என்று இருக்கும், பாருங்கள்” என்றிருக்கிறான். அக்கா பார்த்தார். இருந்தது. கை நடுங்கிவிட்டது.

நான் என் கைப்பேசியை எடுத்துக் காட்டினேன். அதிலும் 192.168.1.1. கடையில் காத்திருந்த இளைஞனிடம், உன் வீட்டில் எடுத்த கைப்பேசித் திரையின் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவன் போன வாரம் கேள்வி கேட்பதற்காக அனுப்பிய படத்திலும் அதே எண். அக்கா பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். “ஊரில் எல்லார் வீட்டுக்கும் ஒரே எண்ணா? இதை வைத்தா என்னை மிரட்டினான்?” என்றார். ஆமாம், உங்கள் வீட்டில் ஒரு சமையலறை இருக்கிறது என்று சொல்லி மிரட்டுவதும் இதுவும் ஒன்றுதான்.

அழைத்தவரிடம் வங்கி விவரம் எதையாவது சொல்லியிருந்தாலோ பணம் போயிருந்தாலோ தாமதிக்காமல் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணை அழையுங்கள். உங்கள் வங்கியையும் அழையுங்கள்.

வெளிமுகவரியை வைத்து ஒருவர் என் வீட்டைக் கண்டுபிடிக்க முடியுமா?

பொதுவில் கிடைக்கும் தகவலை வைத்து நிறுவனத்தின் பெயரும் தோராயமாக ஓர் ஊரும்தான் தெரியும். சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்திருக்கும் என்னைச் சில தளங்கள் ஈப்போவில் வைக்கும், சில கோலாலம்பூருக்கே கொண்டுபோய்விடும். அந்த நேரத்தில் அந்த எண் யாரிடம் இருந்தது என்ற பதிவு இணைய நிறுவனத்திடம் இருக்கும். அதைச் சட்டப்படி கேட்டுப் பெறுவது அதிகாரிகள் வேலை. முகநூலில் சண்டை போடுகிறவர் ‘உன் ஐபி-யை எடுத்துவிட்டேன்’ என்று எழுதினால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவேண்டாம்.

ஐபிவி6 வந்துவிட்டது என்கிறார்களே? இந்தத் தொல்லை எல்லாம் தீர்ந்துவிடுமா?

வந்து வெகு காலமாகிறது. முதல் வரையறை 1995-இல், திருத்திய வடிவம் 1998-இல். 2012 ஜூன் 6-இல் உலகின் பெரிய தளங்களும் நிறுவனங்களும் அதை நிரந்தரமாக இயக்கி வைத்தன. மலேசியாவில் இழை இணைப்பிலும் கைப்பேசியிலும் பலருக்கு அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, அவர்களுக்குத்தான் தெரியாது.

இதில் முகவரி 128 பிட் நீளம், அதாவது 0 அல்லது 1 என்ற இலக்கம் 128. பழையது 32 பிட். எனவே பஞ்சம் கிடையாது. லயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும், வீட்டில் ஒவ்வொரு கரண்டிக்கும் தனித்தனி வெளிமுகவரி கொடுக்கலாம். உங்கள் கைப்பேசியின் வைஃபை விவரத்தில் நீளமான முகவரிகள் இருந்தால், 2 என்ற எண்ணில் தொடங்குவது வெளிமுகவரி. எஃப், இ, 80 என்று தொடங்குவது வீட்டு வலைக்குள் மட்டும் செல்லும். முன்னது அடிக்கடி மாறிக்கொண்டே இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். உங்களைப் பின்தொடர முடியாமல் இருக்கவே கருவி அதை மாற்றுகிறது.

முகவரி மாற்றம் இல்லையென்றால் காவலும் இல்லையே என்று கேட்கிறவர்கள் புத்திசாலிகள். கிராணியார் தெரியாத கடிதத்தைக் கூடையில் போட்டது தற்செயலாகக் கிடைத்த பாதுகாப்பு. ஐபிவி6-இல் அந்த வேலையை ரூட்டரின் ‘ஃபயர்வால்’ செய்கிறது. உள்ளேயிருந்து கேட்காத எதையும் அது வாசலில் தடுக்கும். ரூட்டர் பக்கத்தில் அது இயங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். யாரோ ஒருவர் காணொளியில் சொன்னார் என்று அணைத்து வைத்திருக்கும் வீடுகள் உண்டு.

தொல்லை தீருமா என்றால், பாதி. கேமராவும் அதன் செயலியும் வெளியே நீங்கள் நிற்கும் இடத்தின் இணைப்பும் மூன்றுமே ஐபிவி6 பேசவேண்டும். மலிவுக் கேமராக்கள் பலவற்றுக்கு இன்னும் அது பேச வராது.

மகன் விளையாடும்போது ‘நேட் டைப் ஸ்ட்ரிக்ட்’ (நேட் வகை: கெடுபிடி) என்று வருகிறது. நண்பர்களோடு சேரமுடியவில்லை. புதிய ரூட்டர் வாங்கவேண்டும் என்கிறான்.

வாங்குவதற்கு முன் மேலே சொன்ன இரண்டு எண்களையும் தாளில் எழுதி ஒப்பிடச் சொல்லுங்கள். வேன் முகவரி 192.168 என்றால் வீட்டில் இரண்டு ரூட்டர் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. இரண்டாவதை ‘அக்செஸ் பாயிண்ட்’ ஆக்கினால் பெரும்பாலும் சரியாகும். இரண்டு எண்ணும் ஒன்றென்றால், ‘யூபிஎன்பி’ அணைந்திருக்கிறதா என்று பார்க்கலாம். சற்று முன்னே அதை அணைக்கச் சொன்னவனும் நான்தான். விளையாட்டுக் கருவிக்காக மட்டும் இயக்கிவைப்பதாக இருந்தால், அதே வலையில் இருக்கும் மலிவுக் கேமராவை விருந்தினர் வைஃபைக்கு மாற்றிவிடுங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் 600 வெள்ளி ரூட்டர் வாங்கினாலும் அதே ‘ஸ்ட்ரிக்ட்’தான் வரும். அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு இணைய நிறுவனத்தை அழையுங்கள். அழைக்கும்போது அந்த இரண்டு எண் எழுதிய தாள் கையில் இருக்கட்டும், முதல் பத்து நிமிடம் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள்.